சொல்லுக்கு ஓர் ஆள்

ஜனவரி 12

கறார்ப் பேரரசியான என் அக்கா மகளுக்கு,

நலம். மனித உடம்பில் இருநூற்றுச் சொச்சம் எலும்புகள் என்கிறார்கள். அதில் வலிக்காத எலும்பு ஒன்று எங்கேயோ இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன். மற்றபடி நலம்.

இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த ஐந்து வருஷத்தில் உன் மாமன் தூக்கி உட்காரவைத்த பெரியவர்களை வரிசையாக நிற்கவைத்தால், அந்த வரிசை கடலைத் தாண்டி உங்கள் வாசலுக்கு வந்து காலிங்பெல் அடிக்கும். அவர்களால் நிற்க முடியாது என்பதால்தான் நீங்கள் தப்பித்தீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பொறுப்பாளர் பதவிக்கு ஓர் ஆங்கிலச் சொல்வளத் தேர்வு உண்டு. சாதாரண ஆங்கிலம் இல்லை. படித்தவர்களே படித்தவர்களைப் பயமுறுத்த வைத்திருக்கும் ஆங்கிலம். நாற்பது சொல் கொடுப்பார்கள், ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதவேண்டும். சாப்பாட்டை மசித்து ஊட்டுகிறவனுக்கு இது எதற்கு என்று மேட்ரன் அம்மாவிடமே கேட்டேன். "பொறுப்பாளர் குடும்பங்களுக்கு அறிக்கை எழுதணும். மசிச்ச ஆங்கிலத்துல எழுத முடியாது" என்றார்.

இரண்டு தடவை எழுதிவிட்டேன். முதல் தடவை நாற்பதுக்கு ஒன்பது. இரண்டாம் தடவை ஒரு மண்டலம் படித்து, முன்னேறி, எட்டு. ஏப்ரலில் மூன்றாவது. அதிலும் போனால் இரண்டு வருஷத்துக்குப் பெயரே கொடுக்க முடியாது. எனக்கு ஐம்பத்து நாலு நடக்கிறது. பொறுப்பாளரானால்தான் இரண்டு அறை வீடு கொடுப்பார்கள், உன் அத்தையைக் கூட்டிக்கொள்ள அனுமதி கொடுப்பார்கள். அவளையும் ஊரையும் 'இதோ, இதோ' என்று ஐந்து வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நீ நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு டாக்டர்கள் பேசுவதை டைப் செய்கிறவள். உனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் இன்னும் பிறக்கவில்லை. ஒரு வழி சொல்லு. போனில் கேட்டிருப்பேன், ஆனால் ஓர் அறையில் நாலு பேர் படுக்கிறோம். நான் எட்டு மார்க் வாங்கிய வீரவரலாற்றை மற்ற மூவரும் கேட்டு ரசிக்க எனக்கு மனசில்லை. உன் அத்தைக்கோ போனில் "ம்" தவிர வேறு பாஷை தெரியாது.

சொல் அகராதியைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கழுத்துப் பிடித்துக்கொண்ட
உன் பராக்கிரம மாமா

*

ஜனவரி 30

மாமாவுக்கு,

பதில் தாமதமானதுக்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். எட்டு மணி நேரம் டாக்டர்கள் மென்று முழுங்குறதை டைப் பண்ணிட்டு வந்தா விரல் பேனாவைப் பிடிக்காது. நீங்க ஆள் தூக்குறீங்க, நான் சொல் தூக்குறேன். ரெண்டு பேருக்கும் கை வலிதான்.

அகராதியை மனப்பாடம் பண்றதை விடுங்க. அது உங்களுக்கு வராது. நம்ம வீட்டுல யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கோமா? பக்கத்து வீட்டுக்காரர் 'அவசர ஆபீசர்'. அம்மா 'ரேடியோ'. நான் 'கறார்', அதை வச்சது யாருன்னு உங்களுக்கே தெரியும். இந்தக் குடும்பத்துல சொந்தப் பேர் மறந்துபோகும், பட்டப்பேர் மறக்காது. அதையே இங்கயும் பண்ணுங்க. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் அங்க இருக்கிற ஒரு ஆளுக்கு மாட்டிவிடுங்க. ஆளைப் பார்த்தா சொல் வரும். படிச்சவங்களைப் பயமுறுத்துற ஆங்கிலம்னு எழுதினீங்களே, அந்த மாதிரி சொற்களாப் பார்த்து அர்த்தத்தோட தனித்தாள்ல எழுதி வச்சிருக்கேன்.

அத்தை கடிதத்தைக் கேட்டுட்டு "சாப்பிடுறாராமா" ன்னாங்க. எழுதலைன்னேன். "எலும்புக் கணக்கு எழுதத் தெரியுது" ன்னுட்டு வேலைக்குப் போயிட்டாங்க. சீருடை தைக்கிற இடத்துல காலர் வைக்கிற வேலை அவங்களோடதுதான். அவங்க வச்ச காலர் நிக்கும்.

கறார்

*

பிப்ரவரி 17

சொற்சுரங்கமே, மருமகளே,

உனக்குச் சிலை வைக்கப்போகிறேன். ஊர் முழுக்க நிழல் விழுகிற அளவுக்கு.

உன் தாள் வந்த மறுநாளே ஆள் பிடிக்கும் படலம் ஆரம்பித்தேன். மேட்ரன் அம்மாவுக்கு 'ஃபாஸ்டிடியஸ்', எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற சுத்தக்காரி. ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டி, அந்த விரலை விளக்கின் கீழே பிடித்துப் பார்ப்பார். தூசு தானாகவே இறங்கி ஓடிவிடும். சமையல்காரருக்கு 'டாசிட்டர்ன்', வாய் திறக்காதவர். நான் வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கிறார், அதுவும் "நகரு". ஏழாம் அறை அம்மா 'பக்னேஷியஸ்', சண்டைக்கு நிற்பவர். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் அதைப் பிடுங்கி என் மணிக்கட்டில் ஓர் அடி. நேற்று விழுந்த அடியில் என் பூட்டனாருக்கே வலித்திருக்கும். என் அறைத்தோழர், சலவைப் பிரிவுக்காரர், 'ஃப்ரூகல்', சிக்கனம். சோப்பை நூலால் அறுத்து அறுத்து இன்றைக்கு அவர் குளிக்கிறது சோப்பின் ஞாபகத்தில்.

முத்தாய்ப்பு பதினொன்றாம் அறைக்காரர். ஒரு காலத்தில் ரயில் ஓட்டியவர். 'கேருலஸ்', ஓயாமல் பேசுகிறவர். அதிகாலை முகச்சவரம் செய்ய உட்காரவைத்தால் ஒரு ஸ்டேஷனிலிருந்து கிளம்புவார். தாடையில் கத்தி வைக்கும்போது சிக்னல், மீசை ஓரத்தில் பாலம், துடைக்கும்போது அடுத்த ஸ்டேஷன். எல்லா நாளும் அதே ரயில், ஆனால் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை. "இறங்கிடாதே தம்பி, இன்னும் வரல" என்பார்.

ஒரே ஒரு சொல்லுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. 'இன்டிஃபேட்டிகபிள்'. களைப்பே தெரியாதவர் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு மாடியும் சமையலறையும் சலவைக்கூடமும் தேடிவிட்டேன். அப்படி ஒருத்தரும் இந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கவில்லை.

இருபத்தாறு சொல் ஏறிவிட்டது.

சர்வசொல் சம்ஹாரி, மாமா

*

மார்ச் 6

மாமாவுக்கு,

ரயில்காரர் பகுதியை அத்தை ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னாங்க. சிரிச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா அந்தப் பக்கம் திரும்பி பாத்திரம் கழுவினதால உறுதியாச் சொல்ல முடியல.

ஒண்ணு கேக்கறேன். என்னை எந்தச் சொல்லுல போட்டிருக்கீங்க? மழுப்பாம எழுதுங்க.

அத்தை அவங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டாங்க, ஜூன்ல நின்னுடுவேன்னு. தன் மெஷின்ல ஒரு புதுப் பொண்ணை உட்காரவச்சு காலர் வேலையைப் பழக்கிவிடுறாங்க. "மாமா இன்னும் பாஸ் பண்ணலையே அத்தை, பொறுத்துச் சொல்லலாமே" ன்னேன். "இருபத்தாறு ஏறிடுச்சுன்னு எழுதியிருக்காரே" ன்னாங்க. நீங்க எழுதுற எதையும் அவங்க அப்படியே நம்பி நான் பார்த்ததில்ல. இதை நம்பிட்டாங்க. அதனால அந்த இருபத்தாறு உண்மையான இருபத்தாறா, இல்ல உங்க இருபத்தாறான்னு எனக்கு மட்டுமாவது சொல்லுங்க.

கறார்

*

மார்ச் 23

மருமகளே,

இருபத்தாறு உண்மை. முப்பத்து நாலாகி, இப்போது முப்பத்து மூன்று.

பதினொன்றாம் அறைக்காரர் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை தண்ணீரும் கத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். பிற்பகலே வேறொருவர் வந்து படுத்தாயிற்று. அவருக்கு மின்சார ரேசர்தான் பிடிக்கும்.

விசித்திரம் என்னவென்றால், அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது. 'ஓயாமல் பேசுகிறவர்' என்று அர்த்தம் தெரிகிறது, முதல் எழுத்து வரைக்கும் வருகிறது, அதற்குமேல் அவர் தாடைதான் வருகிறது. உன் தாளை எடுத்துப் பார்த்து, படித்து, மூடினால் மறுபடி போச்சு. உலகத்துச் சொற்களையெல்லாம் மென்று ஏப்பம் விட்ட உன் மாமனை ஒரு சொல் கட்டிலோடு காலி செய்துவிட்டுப் போய்விட்டது.

உன் சொல்லைக் கேட்டாய். 'அசெர்பிக்'. நாக்கில் புளிப்பும் காரமும் உள்ளவர். கோபித்துக்கொள்ளாதே. தேர்வில் அந்தச் சொல் வந்தால் எனக்கு முழு மார்க்.

உன் அத்தையிடம் தேர்வு முடிவு வரும்வரைக்கும் பொறுக்கச் சொல். சரி, சொல்லாதே. அந்தப் பெண் காலர் வேலையைக் கற்றுக்கொண்டாளா?

மாமா

*

ஏப்ரல் 5

மாமாவுக்கு,

அசெர்பிக்காம். இருக்கட்டும். உங்களுக்காக ஞாயித்துக்கிழமையெல்லாம் சொல் பொறுக்கினவளுக்கு நல்ல பட்டம். இன்னொரு தாள் எழுதி வச்சிருந்தேன், அனுப்பல. இப்பவும் அனுப்பல.

ஓயாமப் பேசுறவங்க நம்ம குடும்பத்துலயே இருக்காங்க. அந்தச் சொல்லை எங்கம்மாவுக்கு மாட்டிவிடுங்க. உங்க அக்கா நல்லா திடமா இருக்காங்க, எங்கயும் போக மாட்டாங்க.

அந்தப் பொண்ணு கத்துக்கிட்டா. அத்தை சொல்றாங்க, கை சுத்தமாம்.

தேர்வை நல்லா எழுதுங்க. ரயில்காரர் விஷயம் படிச்சதுலேர்ந்து நானும் ஒரு மாதிரிதான் இருக்கேன். அதைச் சொல்லத் தெரியாமதான் மேல உள்ளதெல்லாம் எழுதினேன்.

உங்க அசெர்பிக்

*

ஏப்ரல் 27

மருமகளே,

உட்கார்ந்து படி. வரலாற்றில் இப்படி ஒரு தோல்வியை யாரும் இவ்வளவு பாடுபட்டு அடைந்ததில்லை.

கேள்வித்தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எல்லாம் நம் ஆட்கள். பாதிக்கு மேல் உன் தாளில் இருந்தவை, மீதி நானே அகராதியிலிருந்து ஆள் பிடித்து வைத்தவை. பேனாவை எடுத்தேன், நிறுத்தவில்லை. 'எங்கள் மேட்ரன் ஃபாஸ்டிடியஸ், தூசு கிடைக்காத நாளில் அவர் முகம் வாடிவிடும்.' 'ஏழாம் அறையில் இருக்கும் அம்மா பக்னேஷியஸ், தன் மகன் வராத ஞாயிறுகளில் இன்னும் அதிகம்.' கேருலஸும் வந்திருந்தது. அச்சில் பார்த்ததும் மனுஷர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு வாக்கியம் போதும், நான் அரைப் பக்கம் எழுதினேன். அவர் பெயர், அறை எண், கடைசி மாதம் அவர் யாரைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டார் என்பதுவரை.

விடைத்தாளை இங்கேயே முதலில் பார்த்து, அப்புறம்தான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். பார்ப்பவர் மேட்ரன் அம்மா. அது எனக்குத் தெரியாது.

என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஐந்து வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"நாற்பதுல முப்பத்தெட்டு சரி" என்றார். நான் நன்றி சொன்னேன். "நன்றி சொல்லாதீங்க. இதுல ஒண்ணையும் வெளியே அனுப்ப முடியாது."

இங்கே இருப்பவர்களைப் பற்றி எந்தக் காகிதத்திலும் எழுதி வெளியே விடமாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்து போட்டிருக்கிறேன். எல்லோரும் போடுவோம். அந்தத் தாள் முழுக்க அவர்கள்தான். அனுப்பினால் என் வேலை போகும், அவர் வேலையும் போகலாம். ரத்து செய்தார்.

"வேற ஏதாவது வாக்கியம் எழுதியிருக்கலாமே. ஒரு அரசன், ஒரு தோட்டம், இப்படி" என்றார்.

"எனக்கு இந்தச் சொற்களை இவங்க மேலதான் மேடம் தெரியும்."

தாளில் தன்னைப் பற்றிய வரியின் மேல் விரலை ஓட்டினார். "என் முகம் வாடுதா?" என்று கேட்டார். நான் டாசிட்டர்ன் ஆகிவிட்டேன்.

இரண்டு வருஷம். உன் அத்தையிடம் நீயே ஒரு மாதிரியாகச் சொல்லிவிடு. வானம் இடிந்து தேர்வு மண்டபத்தில் விழுந்துவிட்டது, மாமா மட்டும் தூக்கிப் பிடித்து எல்லோரையும் காப்பாற்றினார் என்று சொல்.

மாமா

*

மே 11

மாமாவுக்கு,

வானமெல்லாம் இடியல. நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

அத்தை மறுநாள் சூப்பர்வைசர்கிட்ட போய், நான் நிக்கல, இருக்கேன்னு சொல்லியிருக்காங்க. இருங்கம்மான்னாங்களாம், ஆனா காலர் மெஷின்ல அந்தப் பொண்ணு உட்கார்ந்துட்டா. அத்தையை பட்டன் தைக்கிற மேஜையில போட்டிருக்காங்க. சாயங்காலம் வந்து கைய விரிச்சு விரிச்சுப் பார்க்கிறாங்க. "பட்டன் நல்ல வேலைதான். உட்கார்ந்தே செய்யலாம்" ங்கிறாங்க. காலரையும் உட்கார்ந்துதானே வச்சாங்க.

ஆளுக்குச் சொல் மாட்டுற யோசனை என்னோடது. அதனால உங்களைத் திட்ட எனக்கு வாய் வரல, ஆனா வேற ஒண்ணுக்குத் திட்டுறேன். மாமா, உங்களுக்கு எப்படி இருக்குன்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது. அஞ்சு வருஷமா இருநூறு எலும்பு வலி, பூட்டனார் வரைக்கும் வலி. எதுல பாதி எடுத்துக்கிறது, எதுல கால் எடுத்துக்கிறதுன்னு நாங்க கழிச்சுக் கழிச்சுப் படிக்கிறோம். களைப்பா இருக்கு. ஒரே ஒரு தடவை நேரா எழுதுங்க. உங்களுக்கு என்ன, அடுத்து என்ன பண்ணப் போறீங்க. ரெண்டே கேள்வி.

கறார்

*

மே 28

அக்கா மகளுக்கு,

முதுகு வலிக்கிறது. இடது பக்கம், கீழே. பிப்ரவரியிலிருந்து. இடுப்புப் பட்டை கொடுத்திருக்கிறார்கள், கட்டிக்கொண்டு வேலை செய்கிறேன்.

களைத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து மறுபடி எழுதலாம். எழுதுவேனா என்று தெரியவில்லை. அங்கே வந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. அவளைக் கூட்டிப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கூட்டிப்போகாமல் எப்படி வந்து நிற்பது.

அவளிடம் படித்துக் காட்டு.

மாமா

*

ஜூன் 9

மாமாவுக்கு,

படிச்சுக் காட்டினேன். பெரிய ரகளை ஆயிடுச்சு.

"மீதி எங்க?" ன்னாங்க அத்தை.

"அவ்வளவுதான் அத்தை."

"இது அவர் எழுதினதில்ல."

"அவர் எழுத்துதான், பாருங்க."

"எழுத்து அவரோடதா இருக்கும். யாரோ பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல எழுதியிருக்கார். ஆஸ்பத்திரியில இருக்காரா? உண்மையைச் சொல்லு. உனக்குத் தெரியும்."

அம்மா சமாதானம் பண்ணப் போனாங்க, எடுபடல. அத்தை சொல்றாங்க: "பல் வலி வந்தப்போ தாடைக்குள்ள நூறு பேர் கல் உடைக்கிறான்னு எழுதினார். எனக்கு ஒரு பயமும் இல்ல. கல் உடைக்கிறான்னு எழுதத் தெம்பு இருக்கேன்னு தூங்கிட்டேன். இதுல வெறும் 'வலிக்கிறது' ன்னு இருக்கு. பொய் சொல்லக்கூட முடியலைன்னா மனுஷன் எப்படி இருப்பார்?"

நான்தான் நேரா எழுதச் சொன்னேன்னு ஒத்துக்கிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். "நாங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கணும்னு நீ சொல்லித்தர்றியா" ன்னாங்க.

அப்புறம் உட்கார்ந்து எழுதிக்கோன்னாங்க. அப்படியே எழுதறேன்:

"அங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னது அவரு. நான் எப்ப கேட்டேன்? அவர் இருக்கிற எடத்துல நான் இருக்கணும்னேன். அது இங்கயா இருந்தா என்ன, யார் அடிக்கப் போறா? போன்ல 'ம்' ங்கிறேன்னு குறை சொல்றாராம்ல. அந்தப் பக்கம் மூணு பேர் படுத்துக் கேட்டுட்டிருக்கான், வேற என்ன சொல்லுவேன்? பரீட்சை வேணாம், ரெண்டு அறை வீடு வேணாம். இங்க ஒரு அறை சும்மாதான் கெடக்கு. எப்படி வந்து நிக்கிறதுன்னு கேட்டிருக்கார். நிக்கக் கூச்சமா இருந்தா உட்காரச் சொல்லு. முதுகு வலிக்கும் அதான் நல்லது."

எழுதி முடிச்சதும் தாளை வாங்கி ஈரம் காயுறவரைக்கும் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. பால்பாயின்ட் பேனா மாமா அது. 

கறார்

*

ஜூன் 26

மருமகளே,

மேட்ரன் அம்மாவிடம் போனேன். வேலையை விடுகிறேன் என்றேன். காரணம் கேட்டார். மூன்று தேர்வுக்குப் படித்த சொற்களெல்லாம் தொண்டைவரை ஓடிவந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வெளியே வந்தவை இரண்டே இரண்டு. "டயர்ட். ஒய்ஃப்." அவர் வாக்கியமாகச் சொல்லச் சொல்லவில்லை. கையெழுத்து போட்டுவிட்டு, ஏழாம் அறை அம்மாவுக்கு யார் ஊட்டினால் சாப்பிடுவார் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

இனி வருவது உன் அத்தைக்கு. நன்றாக இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு படி:

உன் கணவன் ராட்சசத் தெம்போடு இருக்கிறான். நேற்று மூன்று கட்டில்களை, ஆட்களோடு, ஒற்றைக் கையால் மாடிக்கு ஏற்றினான். மறுகையால் மீசை முறுக்கினான். முதுகா, அது இரும்பு. டாக்டர் தட்டிப் பார்த்துத் தன் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார். இவனைப் பிரியும் துக்கத்தில் இல்லமே அழுது, தரைத்தளத்தில் முழங்கால் ஆழத் தண்ணீர். சமையல்காரர் அதில் நீந்தி வந்து விடைகொடுத்தார். ஜூலை 30, வியாழக்கிழமை காலை விமானம், விமானத்தை வழியில் நானே இறங்கித் தள்ளவேண்டி வந்தாலும் மாலைக்குள் வந்து உட்காருவேன்.

இது உனக்கு மட்டும், சத்தம் போட்டுப் படிக்காதே. மேலே எழுதியதில் தேதியை மட்டும் நம்பு. விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்க உன்னால் முடியுமென்றால் வா, எனக்கு முடியாது.

மாமா